ஒட்டுவாரொட்டி

என் கையெழுத்து நன்றாக இருக்கும். இதை நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் நான் சொல்ல வந்த விஷயத்தில் அந்தக் கையெழுத்துக்கும் பங்கு உண்டு என்பதால் சொல்கிறேன். கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆவதற்கு முன்பு, வெறும் தாலுகாவாக இருந்த காலத்தில், பத்திரப் பதிவு ஆபீசுக்குப் பின்தெருவில் என் வீட்டு முன்னறையிலேயே உட்கார்ந்து பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் டைப் வந்துவிட்டது. ஆனாலும் மனு என்றால் என் கையால் எழுதினால்தான் ஆபீசர் படிப்பார் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் கல்வராயன் மலையடிவாரத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவர்கள் முன்னால் நான் கொஞ்சம் அலட்டிக்கொள்வேன். ஒரு தாளைக் கொடுத்தால் முதல் வரியைப் பார்த்துவிட்டு மீதி என்ன எழுதியிருக்கும் என்று சொல்வேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். "சாரு பேப்பரைத் தூக்கிப் பாத்தாலே சொல்லிடுவாரு" என்று வாசலில் பேசிக்கொள்வார்கள். அது காதில் விழாத மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன்.

முயல் என் மகள் கொண்டுவந்தது. பத்தாவது படிக்கும்போது தோழி வீட்டிலிருந்து ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வந்தாள். வெள்ளை முயல், சிவப்புக் கண். வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் கம்பிக்கூண்டு செய்து வைத்தோம். இரண்டு வருடத்தில் மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள், முயல் எங்களிடம் தங்கிவிட்டது. என் மனைவி அதற்குக் குழையக் குழையச் சாதம் பிசைந்து வைப்பாள். நான் டீயில் நனைத்த பிஸ்கட் கொடுப்பேன், பொட்டுக்கடலை கொடுப்பேன். மகளுக்கு ஊட்ட முடியாததையெல்லாம் அதன் வாயில் திணித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். அதுவும் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அது தின்ற ஒரே பச்சை, அந்தம்மா கொண்டுவந்த புல்.

அந்தம்மாவுக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். கோமுகி ஆற்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தார். கரும்புக் கொல்லைகளில் களை வெட்டப் போவார், சொந்தமாக இரண்டு ஆடு வைத்திருந்தார். முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத என்னிடம் வந்தவர்தான். எழுதிக் கொடுத்தேன், அவருடைய பெருவிரலை நானே மையில் ஒற்றி அடியில் அழுத்தி வைத்தேன். கூடவே இன்னொரு சீட்டையும் நீட்டினார், ஏதோ கண் பரிசோதனை முகாமில் கொடுத்தது. அதை வாங்கிப் பார்த்து, "ஒண்ணுமில்ல, சொட்டு மருந்து எழுதிக்கிறாங்க, பத்திரமா வெச்சிக்கோ" என்று திருப்பிக் கொடுத்தேன். மனுவுக்கு நான் எதுவும் வாங்கவில்லை. அதைப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

அன்றைக்குப் போகும்போது சந்தில் இருந்த முயலைப் பார்த்துவிட்டு நின்றார். அடுத்த நாளிலிருந்து ஆட்டுக்குத் தழை அறுத்துக்கொண்டு போகும் வழியில், முயலுக்கென்று தனியாக ஒரு பிடி அருகம்புல் கொண்டுவந்து கூண்டுக்குள் போடுவார். "தின்னு கண்ணு, தின்னு" என்பார். அவருக்கு எல்லாரும் கண்ணுதான். முயலும் கண்ணு, என் மனைவியும் கண்ணு, நானும் கண்ணு. ஊரே என்னைச் சார் என்று கூப்பிடும்போது, பத்திரம் எழுத வந்த பார்ட்டிகள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "இன்னா கண்ணு, துன்னுட்டியா?" என்று கேட்பார். நான் முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. வேறு யாரும் என்னை அப்படிக் கூப்பிட மிச்சமில்லை.

அவருக்கு இடது கண்ணில் எப்போதும் நீர் வழிந்துகொண்டே இருக்கும். பேசும்போதே முந்தானையால் ஒற்றிக்கொள்வார். அந்தக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் ஒரு சின்ன வீக்கம், கொண்டைக்கடலை அளவு. நாலு வருடம் தினமும் அதைப் பார்த்திருக்கிறேன். ஏன் இப்படி ஒழுகுகிறது என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. அந்தம்மா என்றால் அப்படித்தான் இருப்பார் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மார்கழியில் முயலின் இடது கண்ணிலும் நீர் வர ஆரம்பித்தது.

முதலில் கண்ணுக்குக் கீழே ரோமம் லேசாக ஈரமாக இருந்தது. கூண்டில் தண்ணீர் சிந்தியிருக்கும் என்று நினைத்தோம். ஒரு வாரத்தில் அந்த ரோமம் ஒட்டிக்கொண்டு கோடாக நின்றது. மனைவி நந்தியாவட்டைப் பூவைத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்துவிட்டாள். நிற்கவில்லை. "யாரு கண்ணோ பட்டுடிச்சிங்க" என்று ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றித் தெருமுனையில் போட்டாள். நான் அவளைப் பிடித்துக் கிண்டல் செய்தேன். "முயலுக்குப் போயி எவன்டி கண்ணு வெப்பான்? நோய்னா நோய்தான், அதுக்குக் காரணம் இருக்கும்" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அந்தக் காரணத்தையும் அன்று மாலையே நான் கண்டுபிடித்துவிட்டேன். அந்தம்மாவுக்கு எந்தக் கண்ணோ, முயலுக்கும் அதே கண். அந்தம்மா கண்ணைத் துடைத்த கையால் புல்லைப் போடுகிறார். இது ஒட்டுவாரொட்டி. மெட்ராஸ் ஐ மாதிரி ஒன்று, ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது. அறிவாளியாக இருப்பதில் எனக்கு எப்போதுமே ஒரு சந்தோஷம்.

இப்போது நினைத்தால், மனைவியின் எலுமிச்சம்பழம் யாரையும் வாசலுக்கு வெளியே நிறுத்தவில்லை. என் அறிவுதான் நிறுத்தியது.

நேரில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் என் தொழில் புத்தி வேலை செய்தது. ஒரு அட்டையை எடுத்து, கறுப்பு மையில், என் முத்து முத்தான கையெழுத்தில் எழுதினேன். "முயலுக்கு ஒட்டுவாரொட்டி நோய் உள்ளது. வெளியாட்கள் தொடக் கூடாது. புல், தழை எதுவும் கொடுக்கக் கூடாது." அதை கேட்டில் கம்பி போட்டுக் கட்டினேன். தள்ளி நின்று பார்த்தேன், வரிகள் நேராக வந்திருந்தன.

ஒன்பது மணி வாக்கில் அந்தம்மா வந்தார். தலையில் தழைக்கட்டு, கையில் ஒரு பிடி புல். கேட்டைத் திறந்துகொண்டு நேராக உள்ளே வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, படிக்கத் தெரியாதவருக்குப் போர்டு மாட்டியிருக்கிறேன். அவருடைய விரலை மையில் ஒற்றிய ஆளே நான்தான்.

"நில்லு, நில்லு" என்றேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர், அப்போதெல்லாம் நான் அவரை நீ என்றுதான் பேசுவேன். முன்னறையில் ஒரு கிரயப் பத்திரத்துக்காக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னா கண்ணு?"

"கேட்ல எழுதி மாட்டிக்கிறேன், பாக்கல?"

திரும்பிப் பார்த்தார். "பாத்தேன். அழகா எழுதிக்கிற. இன்னான்னு படிச்சிச் சொல்லு கண்ணு" என்றார்.

பத்திரத்தை எழுதி முடித்ததும் பார்ட்டிகளுக்கு உரக்க வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். அந்தக் குரலிலேயே வாசித்தேன். ஒட்டுவாரொட்டி என்ற இடத்தை மட்டும் வேகமாகக் கடந்தேன்.

"வெளியாளுங்கன்னா யாரு?"

"எல்லாருந்தான்."

"வேற யாரு கண்ணு வராங்க இங்க?"

உட்கார்ந்திருந்த இருவரில் ஒருவர் சிரித்துவிட்டார். பதில் இல்லாதபோது எனக்குக் கோபம் வரும், இன்றைக்கும் அப்படித்தான். "உன் கண்ணுலருந்துதான் தண்ணி ஊத்திக்கினே கீதே. அதைத் தொடச்சிக்கினு அதே கையால புல்லு போட்ற. அதுக்கும் ஒட்டிக்கிச்சி. போதுமா?" என்றேன்.

அவருடைய கை பழக்கத்தில் முந்தானையை எடுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோனது. பாதியில் நின்றது. துடைக்காமலே கையைக் கீழே விட்டார். நீர் கன்னத்தில் இறங்கியது. அது எப்போதும் வழியும் நீரா, அன்றைக்கு வந்த நீரா என்று எனக்குத் தெரியாது. நான் பத்திரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அந்தம்மா வெளியே போய், கையிலிருந்த புல்லைச் சுவர்மேல் வைத்து, "கழுவிப் போடச் சொல்லுங்க" என்றார். கேட்டை மூடிவிட்டுப் போனார். அந்தப் புல்லை நான் கழுவிக்கூடப் போடவில்லை, எடுத்துக் குப்பையில் வீசினேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நோய் ஒட்டவைத்த ஆள் போய்விட்டார், இனிமேல் சரியாகிவிடும் என்று காத்திருந்தோம். மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டேன். சித்திரைக்குள் இரண்டு கண்ணிலும் நீர் வந்தது. கண்ணுக்குக் கீழே ரோமம் உதிர்ந்து தோல் சிவந்து வெந்துபோன மாதிரி ஆகிவிட்டது. காலையில் இமை ஒட்டிக்கொண்டு திறக்காது. பிஸ்கட்டைக்கூட வாயில் வைத்துவிட்டுக் கீழே போட்டது. முகவாய் எச்சிலில் நனைந்திருந்தது. மகள் போனில் பேசும்போதெல்லாம் முயலைக் கேட்பாள். நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னோம். கடைசியில் மனைவிதான், "கிண்டல் பண்ணீங்களே, நீங்க சொன்ன காரணம் போயி மூணு மாசம் ஆவுது. டாக்டராண்ட தூக்கிக்கினு போங்க" என்றாள்.

கால்நடை டாக்டர் சின்ன வயதுப் பெண். வாரத்தில் இரண்டு நாள் மலைக்கு கேம்ப் போய்விடுவார் என்பதால் மூன்றாவது தடவைதான் பார்க்க முடிந்தது. முயலை ஒரு துண்டில் சுற்றிப் பிடிக்கச் சொன்னார். கண்ணைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் அதன் வாயைத் திறந்து, காது பார்க்கும் டார்ச்சை உள்ளே விட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"கண்ணுல ஒண்ணும் இல்ல சார். பல்லு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னார். முயலுக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்குமாம். புல்லை நாளெல்லாம் அரைத்து அரைத்துத் தின்றால்தான் தேயும். தேயாவிட்டால் மேலேயும் வளரும், வேர்ப்பக்கமும் அழுத்தும். கண்ணிலிருந்து மூக்குக்குக் கண்ணீரைக் கொண்டுபோகிற மெல்லிய குழாய் அந்த வேரை ஒட்டித்தான் போகிறது. வேர் அழுத்தினால் குழாய் அடைத்துக்கொள்ளும். மூக்குக்குள் இறங்க வேண்டிய நீர் வெளியே வழியும்.

"என்ன சாப்பிடக் குடுக்கறீங்க?"

சாதம், பிஸ்கட், பொட்டுக்கடலை என்று பெருமையாகச் சொன்னேன்.

"புல்லு?"

"முன்ன ஒரு அம்மா டெய்லி ஒரு பிடி கொண்டாந்து போடுவாங்க. இப்ப நிறுத்திட்டோம்."

"அந்த ஒரு பிடிதான் இத்தனை நாள் தாங்கியிருக்கு. ஏன் நிறுத்தினீங்க?"

பேச்சுக்குப் பஞ்சமில்லாதவன் நான். அப்போது முயலைச் சுற்றியிருந்த துண்டைச் சரிசெய்தேன். பிறகு சொன்னேன், "அந்தம்மாவுக்கும் இதே மாதிரி கண்ணுல தண்ணி ஒழுகும். ஒட்டிக்குமோன்னு."

அவர் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. "இது ஒட்டாது சார். மனுஷங்களுக்கும் இதே குழாய் இருக்கு, அதுவும் அடைக்கும். மூக்குப் பக்கத்துல சின்னதா வீங்கி இருக்குமே, அந்தம்மாவுக்கு இருக்கா? கண் ஆஸ்பத்திரியில ஒரு ஆபரேஷன்ல சரி பண்ணிடுவாங்க. அவங்க ஏன் இன்னும் போகல?" என்று கேட்டார்.

கண்ணில் மரத்துப்போகும் சொட்டு விட்டுவிட்டு, கீழ் இமையின் உள்பக்கம் இருந்த ஊசிமுனைத் துளையில் ரொம்ப மெல்லிய குழலை நுழைத்து, ஊசிக்குழாயால் உப்புத் தண்ணீரை மெதுவாகச் செலுத்தினார். முதலில் போகவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி அழுத்தினார். முயல் என் கைக்குள் ஒரு உதறு உதறியது. மூக்கிலிருந்து வெள்ளையாக, பேஸ்ட் மாதிரி, ஒரு புழு நீளத்துக்கு வந்து விழுந்தது. அதன் பின்னால் தெளிந்த தண்ணீர் வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. இந்த ஒரு விரற்கடை அழுக்குக்காகவா நான் அந்தப் போர்டை எழுதினேன். அடுத்த கண்ணையும் அப்படியே செய்து, பல்லைத் தேய்த்துவிட்டு, ஒரு சீட்டில் நோயின் பெயரை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். நீளமான சொல். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு சட்டைப்பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் போர்டை அவிழ்த்தேன். மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். "படிக்கத் தெரியாதவங்களுக்கு அது இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா" என்றாள்.

நீ போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று அவளைக் கெஞ்சிப் பார்த்தேன். எழுதினவர் போய்ச் சொல்லட்டும் என்றுவிட்டாள். பத்து நாள் நான் போகவில்லை. வேலை இருக்கிறது, வெயிலாக இருக்கிறது என்று எனக்கே ஏதேதோ சொல்லிக்கொண்டேன். உண்மை, எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோராவது நாள், முயலின் சீட்டு பையிலிருந்த அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வாய்க்காலைத் தாண்டிப் போனேன்.

அந்தம்மா வாசலில் ஆட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முந்தானையால் அந்தக் கண்ணை அவசரமாக மூடிக்கொண்டார். எனக்கு ஒட்டிவிடக் கூடாதாம். அதைப் பார்த்ததும் நான் தயார் செய்துகொண்டு போயிருந்த பேச்சு முழுக்க மறந்துபோனது.

"கையை எடுங்க. அது ஒட்டாது. நான்தான் தெரியாம சொல்லிட்டேன்" என்றேன். முயலுக்கு என்ன ஆனது, டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கும் அதேதான் இருக்கும், ஆஸ்பத்திரியில் காட்டினால் சரியாகிவிடும் என்றேன். அவர் உள்ளே போனார். கூரைக் கழியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து, அதிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

நாலு வருடத்துக்கு முன்னால் நான் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்த சீட்டு.

அன்றைக்கு அது எனக்குப் படிக்க வரவில்லை. டாக்டர் கிறுக்கலில் இங்கிலீஷ். முன்னறையில் ஆட்கள் இருந்தார்கள், தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கண் முகாம் என்று மேலே அச்சடித்திருந்ததைப் பார்த்து மீதியை நானே சொல்லிவிட்டேன். இப்போது பார்த்தேன். சட்டைப்பையிலிருந்த முயலின் சீட்டை எடுத்து அருகில் வைத்தேன். அதே நீளமான சொல். சீட்டைத் திருப்பினேன். எந்தப் பத்திரம் வந்தாலும் பின்பக்கம் பார்க்காமல் கீழே வைக்காதவன் நான், அன்றைக்கு அதைத் திருப்பவில்லை. பின்னால் ஊதா ரப்பர் ஸ்டாம்பில், தமிழில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படிக்கும்படி இருந்தது. "அறுவை சிகிச்சை தேவை. வரும் செவ்வாய் காலை பள்ளிக்கூட வாசலுக்கு வரவும். வண்டி உண்டு."

"இன்னா எழுதிக்கீதுங்க?" என்று கேட்டார்.

வாசித்தேன். பார்ட்டிகளுக்கு வாசிக்கிற குரல் வரவில்லை.

கொஞ்ச நேரம் ஆட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "அந்த வண்டி வந்துச்சி. எங்க தெருவுல மூணு பேரு ஏறிக்கினாங்க. என்னியும் கூப்டாங்க. பத்திரக்காரரு படிச்சிப் பாத்துட்டாரு, ஒண்ணுமில்லன்னுட்டாருன்னு சொல்லி நான் போவல" என்றார். அதில் குற்றம் சாட்டுகிற தொனி எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். பிறகு, "சொட்டு வாங்கி வுட்டேங்க சார். நிக்கல" என்றார்.

சார் என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதைப் பெரிய விஷயமாகச் சொல்லவில்லை, கேட்காமல் அங்கிருந்து எழுந்திருக்கவே முடியாது என்றுதான் கேட்டேன்.  அவர் ஆடு குடித்து முடித்த வாளியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

அந்த மாதமே நானும் மனைவியும் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். எந்தச் சீட்டு வந்தாலும் முன்னும் பின்னும் படித்துச் சொன்னேன். தெரியாததை நர்சிடம் போய்க் கேட்டேன், அதற்கே அவ்வளவு வருடம் ஆகியிருந்தது எனக்கு. ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள் என்று டாக்டர் அவரைக் கடிந்துகொண்டார். அந்தம்மா என்னைப் பார்க்கவில்லை. "தெரியலங்க" என்றார். என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். ஆபரேஷன் முடிந்து சில வாரங்களில் நீர் நின்றது. மூக்கோரம் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. கை மட்டும் ரொம்ப நாள்வரை பேச்சுக்கு நடுவில் முந்தானையைத் தேடிப் போய், ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.

புல் கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை, அவரும் கொண்டுவரவில்லை. நானே தினமும் காலையில் ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போய் அறுத்து வருகிறேன். முதல் வாரம் கோரையை அறுத்துக்கொண்டு வந்தேன், முயல் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. சில நாள் அந்தம்மாவும் கரையில் இருப்பார். கோரைக்கும் அருகுக்கும் வித்தியாசம் தெரியாமல் நான் நிற்பதைப் பார்த்து, எங்கே நல்ல அருகு இருக்கிறது என்று கையைக் காட்டுவார். தழைக்கட்டைத் தலையில் ஏற்ற நான் கை கொடுப்பேன்.

கிளம்பும்போது ஒவ்வொரு தடவையும் தவறாமல் ஒன்று கேட்பார்.

"கண்ணு எப்டி கீது, சார்?"

முயலைத்தான் கேட்கிறார். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வருகிறேன்.